ஒரு ஆங்கிலேய எஸ்டேட் எப்படிப் பிழைக்கிறது? சாட்ஸ்வர்த் மாளிகையின் கதை

இங்கிலாந்தின் கிராமப்புறத்து மாளிகைகளைத் தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்திருப்பீர்கள். முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, வாசலில் வரிசையாக வேலையாட்கள், உள்ளே யாரோ ஒரு பிரபு. பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கட்டடத்தைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கட்டடம் இரண்டாம் பட்சம்தான். முதலில் பார்க்க வேண்டியது நிலத்தை. மாளிகை யாருக்கும் சோறு போடாது, செலவுதான் வைக்கும். அதைச் சுற்றி இருக்கிற ஆயிரக்கணக்கான ஏக்கர், அதில் குத்தகைக்கு உழுகிற விவசாயிகள், வாடகைக்குக் குடியிருக்கிற கிராமங்கள், காடு, சுரங்கம், இவற்றிலிருந்து வருகிற பணத்தில்தான் மாளிகையின் கூரை ஒழுகாமல் இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்ததுதான் எஸ்டேட்.

அப்படியானால் ஒரு குடும்பம் இவ்வளவு நிலத்தை நானூறு, ஐந்நூறு வருடம் துண்டாகாமல் எப்படி வைத்துக்கொண்டது? பிறகு இருபதாம் நூற்றாண்டில் ஏன் ஒவ்வொன்றாகச் சரிந்தது? பொதுவாகப் பேசினால் மண்டையில் நிற்காது, ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். டெர்பிஷயரில், டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கிற சாட்ஸ்வர்த் மாளிகையும் அதன் சொந்தக்காரர்களான கேவண்டிஷ் குடும்பமும் இதற்கு நல்ல உதாரணம். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு வந்த எல்லா நல்லதும் கெட்டதும் இவர்களுக்கும் வந்திருக்கிறது, பெரும்பாலும் பெரிய அளவில்.

தொடங்கி வைத்தது ஒரு பெண். பெயர் எலிசபெத் ஹார்ட்விக், வரலாற்றில் எல்லோரும் பெஸ் என்றே சொல்கிறார்கள். டெர்பிஷயரின் சாதாரண நிலக்கிழார் வீட்டில் 1520களில் பிறந்தவர். நான்கு முறை கல்யாணம் செய்தார், நான்கு முறையும் விதவையானார், ஒவ்வொரு முறையும் முன்பைவிடப் பணக்காரியானார். முதல் கணவர் ராபர்ட் பார்லி இளவயதிலேயே 1544இல் இறந்துவிட்டார். 1547இல் கட்டிக்கொண்ட இரண்டாவது கணவர்தான் சர் வில்லியம் கேவண்டிஷ். எட்டாம் ஹென்றி மன்னர் கத்தோலிக்க மடங்களை எல்லாம் கலைத்து அவற்றின் சொத்துகளைப் பறித்தபோது, கணக்கெடுக்கப் போன அதிகாரிகளில் அவரும் ஒருவர். மடத்து நிலம் கை மாறுகிற இடத்தில் இருந்தவர் கை காய்ந்தா போகும்? நல்ல நிலங்கள் அவர் கைக்கு வந்தன. பெஸ் தன் சொந்த ஊர்ப் பக்கமே போகலாம் என்று சொல்ல, தெற்கில் இருந்ததை விற்றுவிட்டு 1549இல் 600 பவுண்டுக்குச் சாட்ஸ்வர்த்தை வாங்கினார்கள். 1550களின் தொடக்கத்தில் வீடு கட்டும் வேலை ஆரம்பமானது.

1557இல் கேவண்டிஷ் இறந்தார். இறப்பதற்குச் சற்று முன்புதான் அரசு கஜானாக் கணக்கில் 5,000 பவுண்டுக்கு மேல் துண்டு விழுகிறது என்று அவரைப் பிடித்திருந்தார்கள். அந்தக் கடன் பெஸ் தலையில் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் நிலத்தை விற்றிருப்பார்கள். பெஸ் விற்கவில்லை, மூன்றாவதாக ராணியின் அரண்மனையில் செல்வாக்காக இருந்த சர் வில்லியம் செயின்ட் லோவைக் கல்யாணம் செய்துகொண்டார். கடன் சில்லறைக்குத் தீர்ந்தது. அந்த மனிதர் தன் முதல் மனைவியின் பெண்களை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் பெஸ்ஸுக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். நான்காவது கணவர் ஷ்ரூஸ்பெரி எர்ல் (எர்ல் என்பது பிரபுப் பட்டங்களில் ஒன்று), நாட்டின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர். அந்தக் கல்யாணத்தோடு பெஸ் விடவில்லை. 1568இல் தன் மகனுக்கு எர்லின் பெண்ணையும், தன் மகள் மேரிக்கு எர்லின் பையனையும் ஒரே நேரத்தில் முடித்துவைத்தார். மேரிக்கு அப்போது 12 வயது. எந்தப் பக்கம் யார் இறந்தாலும் சொத்து வெளியே போகாது, அதுதான் கணக்கு.

இந்த எர்ல் பொறுப்பில்தான் ஸ்காட்லாந்து ராணி மேரி 1569 முதல் 1584 வரை கைதியாக இருந்தார். பல தடவை சாட்ஸ்வர்த்திலும் வைக்கப்பட்டிருந்தார். ராணிக்கும் அவருடைய பரிவாரத்துக்கும் ஆகும் செலவை எலிசபெத் ராணி சரியாகத் தராமல் இழுத்தடித்தார், எர்லுக்கும் பெஸ்ஸுக்கும் இடையே சண்டை முற்றியது. 1590இல் எர்லும் இறந்தபோது பெஸ் இங்கிலாந்தின் பெரும் பணக்காரிகளில் ஒருவர். தான் பிறந்த ஊரில் ஹார்ட்விக் ஹால் என்று புதிதாக ஒரு மாளிகை எழுப்பினார். சுவரைவிடக் கண்ணாடிதான் அதிகம் என்று ஊர் பேசிய வீடு, கோபுரங்களின் உச்சியில் அவர் பெயரின் முதலெழுத்துகள் இன்றும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அடக்கம் எல்லாம் அவருக்குப் பழக்கமில்லை.

சரி, இப்போது சட்டத்துக்கு வருவோம். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நம் ஊரில் நாலு பிள்ளைகள் இருந்தால் பாகப்பிரிவினை உண்டு. பத்து ஏக்கர் ஆளுக்கு இரண்டரை ஆகும், அடுத்த தலைமுறையில் அரை ஏக்கருக்கு வரப்புச் சண்டை நடக்கும். ஆங்கிலேயப் பிரபுக்கள் இதைத்தான் தவிர்த்தார்கள். நிலம் முழுவதும் மூத்த மகனுக்கு, பட்டமும் அவனுக்கே. தம்பிகளுக்குக் கொஞ்சம் பணம், அப்புறம் பட்டாளமோ பாதிரியார் வேலையோ வக்கீல் தொழிலோ நாடாளுமன்றமோ. பெண்களுக்குச் சீதனம். கேட்பதற்கு அநியாயமாக இருக்கிறது, அநியாயம்தான், ஆனால் சொத்தைக் காப்பாற்ற வேண்டும் என்கிற ஒரே நோக்கத்தில் பார்த்தால் இதைப்போல வேலை செய்கிற ஏற்பாடு வேறு இல்லை.

மூத்த மகன் குடிகாரனாகவோ சூதாடியாகவோ இருந்தால்? எல்லாவற்றையும் விற்றுத் தின்றுவிடுவானே? அதற்கும் பூட்டுப் போட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் வக்கீல்கள் செப்பம் செய்த ஏற்பாடு இது. அதன்படி நிலத்தை அனுபவிக்கிறவருக்கு அது ஆயுள் வரைதான். குத்தகை வாங்கலாம், வீட்டில் இருக்கலாம், ஆனால் விற்க முடியாது, காரணம் அது சட்டப்படி இன்னும் பிறக்காத பேரனுக்குப் போக வேண்டியது. மகனுக்கு 21 வயதானாலோ கல்யாணம் நிச்சயமானாலோ தகப்பன் அவனை உட்கார வைத்து, ‘இந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு, உனக்கு மாதாமாதம் செலவுக்குப் பணம் தருகிறேன்’ என்பார். கையில் காசில்லாத இளைஞன் போடாமல் என்ன செய்வான்? போட்டதும் அவனும் ஆயுள்கால அனுபவஸ்தன் ஆகிவிடுவான், பூட்டு அடுத்த தலைமுறைக்குத் தள்ளிப்போகும். இப்படித் தலைமுறைக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே வந்தார்கள். நிலத்துக்கு உண்மையான சொந்தக்காரர் என்று எந்த நேரத்திலும் யாருமே இல்லாதது மாதிரி ஒரு நிலை.

பெஸ்ஸே இப்படி ஒரு பூட்டில் மாட்டிக்கொண்டார். மூத்த மகன் ஹென்றியை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் சாட்ஸ்வர்த் அவனுக்குத்தான் போக வேண்டும் என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, அதை மாற்ற அவரால் முடியவில்லை. அதனால் உள்ளே இருந்த நல்ல சாமான்களை ஹார்ட்விக்குக்கு நகர்த்திவிட்டு, மற்ற நிலங்களை எல்லாம் பிடித்தமான இரண்டாவது மகன் வில்லியமுக்குக் கொடுத்தார். 1608இல் பெஸ் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடமே ஹென்றி சாட்ஸ்வர்த்தைத் தம்பியிடம் விற்றுவிட்டான். வில்லியம் 1618இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் 10,000 பவுண்டு கொடுத்து டெவன்ஷயர் எர்ல் பட்டத்தை வாங்கினார். ஆமாம், வாங்கினார், அப்போது பட்டங்களுக்கு விலை இருந்தது. இருப்பது டெர்பிஷயர், பட்டம் டெவன்ஷயர். புதிதாகப் படிக்கிறவர்கள் இங்கே குழம்புவார்கள். பட்டத்தில் வருகிற ஊருக்கும் நிலம் இருக்கிற ஊருக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

எர்ல் எப்படி அதைவிட உயர்ந்த பட்டமான டியூக் ஆனார் என்பது தனிக்கதை. நான்காவது எர்லும் வில்லியம்தான் (இந்தக் குடும்பத்தில் பாதிப் பேர் வில்லியம்). கோபக்காரர். அரண்மனையில் ஒரு கர்னலை அடித்துவிட்டு 30,000 பவுண்டு அபராதம் வாங்கினார். சாட்ஸ்வர்த்துக்கு வந்து உட்கார்ந்தவர், சும்மா இருக்காமல் 1687இல் வீட்டின் தெற்குப் பக்கத்தை மட்டும் இடித்துக் கட்ட ஆரம்பித்தார். கட்டக் கட்ட ஆசை விடவில்லை. கிழக்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றி வந்து, 1707இல் அவர் சாகும்போதுதான் வேலை முடிந்தது. நாம் இன்று பார்க்கிற மாளிகை பெரும்பாலும் அவருடையது, பெஸ் கட்டியது அதற்குள் புதைந்துபோனது. நடுவில் 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னருக்கு எதிராக டச்சு இளவரசர் ஆரஞ்சு வில்லியமை வரச்சொல்லி ரகசியக் கடிதத்தில் கையெழுத்திட்ட ஏழு பேரில் இவரும் ஒருவர். தோற்றிருந்தால் தலை போயிருக்கும். ஜெயித்ததால் 1694இல் டியூக் பட்டம் வந்தது.

இதற்குப் பிறகு ஒரு நூறு வருடம் குடும்பத்துக்கு ஏறுமுகம். அந்தக் காலத்தில் ஒரு எஸ்டேட் வளர இரண்டு குறுக்குவழிகள் இருந்தன. ஒன்று, ஆண் வாரிசு இல்லாத வீட்டில் பெண் எடுப்பது. இன்னொன்று, காலுக்கடியில் கனிமம் கிடைப்பது. நான்காவது டியூக்குக்கு இரண்டும் அமைந்தது. 1756-57இல் சில மாதங்கள் பிரதமராக இருந்தவர் இவர், ஆனால் குடும்ப வரலாற்றில் அவருடைய கல்யாணம்தான் பிரதமர் பதவியைவிட முக்கியம். மனைவி ஷார்லட் பாயில், பர்லிங்டன் எர்லின் வாரிசு. அவர் வழியாக லண்டனில் சிஸ்விக் ஹவுஸும் பர்லிங்டன் ஹவுஸும், யார்க்ஷயரில் போல்டன் அபேயும், அயர்லாந்தில் லிஸ்மோர் கோட்டையும் அதன் நிலங்களும் வந்து சேர்ந்தன. ஒரே தாலி, மூன்று வட்டாரங்களில் சொத்து. இன்னொரு பக்கம் ஸ்டாஃபோர்ட்ஷயரின் எக்டன் மலையில் இவர்களுக்குச் செப்புச் சுரங்கம். 1760இல் குத்தகையை முடித்துக்கொண்டு நேரடியாகவே நடத்த ஆரம்பித்தார்கள், செப்பு கொட்டியது. பக்ஸ்டன் ஊரில் வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்க வருகிறவர்களுக்காக ஐந்தாவது டியூக் எழுப்பிய பிறைவடிவக் கட்டடம் அந்தச் செப்புப் பணத்தில் வந்தது. சுரங்கத்துக்குள் இறங்கினவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

வீட்டைச் சுற்றி இன்று தெரிகிற அந்த ‘இயற்கைக் காட்சி’யும் செய்யப்பட்டதுதான். 1760களில் நான்காவது டியூக் அழைத்து வந்த தோட்ட வடிவமைப்பாளர் கேப்பபிலிட்டி பிரவுன் நேர்கோட்டுத் தோட்டங்களைக் கலைத்தார், ஆற்றை அகலமாகத் தெரியும்படி மாற்றினார், மரங்களைக் கொத்துக்கொத்தாக நட்டார். பார்வைக்கு இடைஞ்சலாக இருந்த வீடுகளும் போயின. பக்கத்து ஈடன்சர் கிராமத்தின் ஒரு பகுதி அப்போதே இடிக்கப்பட, மிச்சத்தை ஆறாவது டியூக் 1838-42இல் அப்படியே நகர்த்திவிட்டார், மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தால் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. புதிய கிராமம் அழகானது, ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு பாணி, பழைய வீடுகளைவிட வசதியானது என்பதும் உண்மை. ஆனால் அங்கே குடியிருந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கப்போவதில்லை. எஸ்டேட் என்றால் என்ன அதிகாரம் என்பதை இந்த ஒரு விஷயத்தில் பார்த்துவிடலாம்.

தம்பிகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? நிலம் கிடைக்காத தம்பி வழிகளில் ஒன்றில் வந்தவர்தான் ஹென்றி கேவண்டிஷ், இரண்டாவது டியூக்கின் பேரன். மனிதர்களைக் கண்டாலே ஒதுங்குகிறவர், வேலைக்காரியிடம்கூடச் சீட்டு எழுதிப் பேசியவர். 1766இல் ஹைட்ரஜனைத் தனி வாயுவாக அடையாளம் காட்டினார், 1798இல் ஈயக் குண்டுகளை வைத்துப் பூமியின் அடர்த்தியை அளந்தார். டியூக் ஆகியிருந்தால் இதற்கெல்லாம் நேரம் கிடைத்திருக்குமா தெரியாது.

ஏறுமுகம் கடனில் போய் நின்றது. இதில் ஒரு முரண் இருக்கிறது. நிலத்தை விற்க முடியாது, ஆனால் அதை வைத்துக் கடன் வாங்கலாம். தாத்தா கொடுத்த சீதனம், விதவைப் பாட்டிக்கு வருடாவருடம் தர வேண்டிய பணம், கட்டட ஆசை, சூதாட்டம், எல்லாம் நிலத்தின் மேல் ஏறி உட்காரும். ஐந்தாவது டியூக்கின் மனைவி ஜார்ஜியானா 17 வயதில், 1774இல், இந்த வீட்டுக்கு வாழ வந்தவர். லண்டனே அவர் உடையைப் பார்த்து உடுத்தியது, 1784 தேர்தலில் தெருவில் இறங்கி அரசியல்வாதி ஃபாக்ஸுக்கு ஓட்டுக் கேட்டார், சீட்டாட்டத்தில் கணக்கில்லாமல் தோற்றார். எவ்வளவு கடன் என்று கணவரிடம் ஒரு தடவைகூட முழுதாகச் சொல்லவில்லை. டியூக்கும் யோக்கியமில்லை, மனைவியின் தோழியையே வீட்டில் வைத்திருந்தார். இவர்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள், வம்பு வேண்டுமென்றால் அங்கே போங்கள்.

இவர்கள் மகன் ஆறாவது டியூக், கல்யாணமே செய்துகொள்ளாதவர், 1811 முதல் 1858 வரை டியூக்காக இருந்தவர். எனக்கு இந்தக் குடும்பத்திலேயே பிடித்தவர் இவர்தான், அதற்கு முக்கியக் காரணம் அவர் அல்ல, அவர் வேலைக்கு எடுத்த ஆள். 1826இல் ஜோசப் பாக்ஸ்டன் என்கிற 22 வயது இளைஞரைத் தலைமைத் தோட்டக்காரராக வைத்தார். பாக்ஸ்டன் வந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். அதிகாலை நாலரை மணிக்கு வந்து சேர்ந்தார், கதவு பூட்டியிருந்ததால் ஏறிக் குதித்தார், தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்த்தார், ஆறு மணிக்கு ஆட்களை வேலைக்கு விட்டார், அப்புறம் வீட்டு மேற்பார்வை அம்மாளோடும் அவருடைய அக்கா மகளோ யாரோ ஒரு உறவுப் பெண்ணோடும் காலைச் சாப்பாடு சாப்பிட்டார். ஒன்பது மணிக்குள் அந்தப் பெண்ணுக்கும் இவருக்கும் காதல். மறுவருடம் கல்யாணமும் ஆனது.

டியூக்கின் பணமும் பாக்ஸ்டனின் மூளையும் சேர்ந்து சாட்ஸ்வர்த்தை ஐரோப்பாவே பேசும் தோட்டமாக்கின. 277 அடி நீளத்தில் ஒரு பிரம்மாண்டக் கண்ணாடிக் கூடம், உள்ளே வெப்பநாட்டு மரங்கள், குளிர் தாக்காமல் இருக்க நிலத்துக்கடியில் எட்டு கொதிகலன்கள், அவற்றுக்குக் கரி கொண்டுபோகச் சுரங்கப்பாதையில் தண்டவாளம். 1843இல் விக்டோரியா ராணி வந்தபோது அதற்குள் குதிரை வண்டியிலேயே போனார். ரஷ்யச் சக்கரவர்த்தி நிக்கோலஸ் வரப்போகிறார் என்று ராத்திரியிலும் தீப்பந்தம் வைத்து வேலை பார்த்து, ஆறே மாதத்தில் ஒரு நீரூற்று அமைத்தார்கள். மோட்டார் கிடையாது, மேலே மலையில் வெட்டிய ஏரியிலிருந்து தண்ணீர் இறங்குகிற வேகத்தில் 290 அடிக்கு மேல் பீய்ச்சியது. சக்கரவர்த்தி வரவேயில்லை. பெயர் மட்டும் சக்கரவர்த்தி நீரூற்று என்று நிலைத்துவிட்டது. இந்தக் கண்ணாடி வேலையில் பழகிய கைதான் 1851இல் லண்டன் கண்காட்சிக்குக் கிரிஸ்டல் பேலஸை வடிவமைத்தது.

வாழைப்பழமும் இங்கேதான் வருகிறது. மொரிஷியஸ் வழியாக இங்கிலாந்துக்கு வந்த ஒரு குட்டை ரக வாழையைப் பாக்ஸ்டன் கண்ணாடி வீட்டில் வளர்த்தார், 1835இல் அது பூத்தது. முதலாளி குடும்பத்தின் பெயரையே வைத்தார்கள், கேவண்டிஷ். அங்கிருந்து கன்றுகளைப் பாதிரியார் ஜான் வில்லியம்ஸ் தென்கடலில் சமோவாத் தீவுக்குக் கொண்டுபோனார். உலகச் சந்தையில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த வாழை ரகத்தை இருபதாம் நூற்றாண்டில் பனாமா வாடல் நோய் அழித்தபோது, அந்த இடத்துக்கு வந்தது கேவண்டிஷ் இனம்தான். நம் ஊர்க் கடையில் ஜி9, மோரிஸ் என்று வாங்குகிறோமே, அவையும் இந்த இனம். நம் தோப்புக் கன்றுகள் எல்லாம் சாட்ஸ்வர்த் செடியின் வாரிசுகள் என்று அர்த்தமில்லை, ஆசியாவில் அது முன்பே இருந்த வாழை. பெயர் மட்டும் டெர்பிஷயரிலிருந்து வந்தது.

ஆறாவது டியூக் இறந்தபோது விட்டுப்போன கடன் ஏறக்குறைய 10 லட்சம் பவுண்டு. பிள்ளை இல்லாததால் ஐந்தாவது டியூக்கின் தம்பியுடைய பேரன் ஏழாவது டியூக்காக வந்தார், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் இரண்டாம் இடம் பிடித்தவர், சிக்கனக்காரர். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகம் இவர் தந்த பணத்தில் கட்டியது. கடனை அடைக்க நிலத்தை மட்டும் நம்பாமல் பாரோ ஊரின் இரும்பாலையிலும் கப்பல் தொழிலிலும் பணம் போட்டார், ஈஸ்ட்போர்ன் கடற்கரையை நகரமாக வளர்த்தார். கொஞ்ச காலம் பாரோ பணத்தைக் கொட்டியது, பிறகு அதுவே விழுங்க ஆரம்பித்தது.

இதே நேரத்தில் இங்கிலாந்து முழுக்கப் பிரபுக்களின் கீழிருந்து நிலம் நழுவ ஆரம்பித்துவிட்டது. 1870களின் நடுவிலிருந்து அமெரிக்கச் சமவெளிக் கோதுமை ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் மலிவாக வந்து இறங்கியது. தானிய விலை விழுந்தது, குத்தகையும் விழுந்தது. 1882இல் சட்டம் மாறி, ஆயுள்கால அனுபவஸ்தரும் நிலத்தை விற்கலாம் என்றானது, பழைய பூட்டு திறந்துகொண்டது. அடுத்து 1894இல் நிதியமைச்சர் ஹார்கோர்ட் கொண்டுவந்த சாவு வரி. ஒருவர் இறந்தால் அவர் சொத்தில் ஒரு பங்கு அரசுக்கு. மிகப் பெரிய சொத்துகளுக்கு அப்போது 8 சதவீதம்தான், அதற்கே பிரபுக்கள் குய்யோ முறையோ என்றார்கள். 1919இல் அது 40 ஆனது, 1949இல் 80 ஆனது.

குறுகிய காலத்தில் இரண்டு பேர் இறந்தால் இரண்டு தடவை கட்ட வேண்டும் என்பதுதான் இந்த வரியின் கொடுக்கு. முதல் உலகப் போரில் தகப்பனும் மகனும் அடுத்தடுத்துப் போன குடும்பங்கள் பல உண்டு. (போரில் மடிந்தவர்களுக்குச் சலுகை இருந்தது, எல்லாம் காப்பாற்றப்படவில்லை.) நூறு நூறாக மாளிகைகள் பள்ளிக்கூடமாகின, விடுதியாகின, இல்லையென்றால் ஈயத் தகட்டுக்கும் கல்லுக்கும் விலைபேசி இடிக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் இப்படிப் போனவை ஆயிரத்துக்கும் மேல்.

கேவண்டிஷ் குடும்பத்துக்கு முதல் அடி 1908இல், எட்டாவது டியூக் இறந்தபோது. வரி கட்ட அடுத்து வந்த டியூக் அச்சுக்கலை முன்னோடி கேக்ஸ்டன் அச்சிட்ட அரிய புத்தகங்களை அமெரிக்காவுக்கு விற்றார். பிக்காடிலியில் இருந்த டெவன்ஷயர் ஹவுஸ் விற்கப்பட்டு 1924இல் இடிக்கப்பட்டது, அதன் இரும்புக் கதவு மட்டும் இன்று கிரீன் பார்க்கில் நிற்கிறது. போர்க்காலத்தில் கரி இல்லாமல் உள்ளே இருந்த செடிகள் எல்லாம் செத்துப்போன பாக்ஸ்டனின் கண்ணாடிக் கூடத்தை 1920இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அது லேசில் விழவில்லை என்பார்கள்.

பெரிய அடி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. பத்தாவது டியூக்கின் மூத்த மகன் பில்லி, அடுத்த டியூக் ஆக வேண்டியவர். 1944 மே மாதம் அமெரிக்கத் தூதராக இருந்தவரின் மகள் கேத்லீன் கென்னடியை (பிற்காலத்து ஜனாதிபதியின் தங்கைதான்) இரண்டு குடும்பத்து மத எதிர்ப்பையும் மீறிக் கல்யாணம் செய்தார். செப்டம்பரில் பெல்ஜியப் போர்முனையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாலே மாத வாழ்க்கை. 1948இல் கேத்லீனும் விமான விபத்தில் இறந்தார். வாரிசுரிமை, எதிர்பார்க்காத தம்பி ஆண்ட்ரூவுக்கு வந்தது. வரி வந்து விழும் என்று தெரிந்த தகப்பன் 1946இலேயே சொத்தின் பெரும் பகுதியை மாற்றி எழுதிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு ஐந்து வருடம் அவர் உயிரோடு இருந்தால்தான் வரி கிடையாது. 1950 நவம்பர் 26 அன்று ஈஸ்ட்போர்ன் வீட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் மாரடைப்பில் விழுந்தார். 55 வயது. ஐந்து வருடம் முடிய நாலு மாதம்கூட இல்லை. எண்பது சதவீதம்.

அப்போது சாட்ஸ்வர்த் காலியாகக் கிடந்தது. போர் முழுவதும் ஒரு பெண்கள் பள்ளி அதில் இயங்கியது, மாணவிகள் ராஜ அறைகளில் கட்டில் போட்டுத் தூங்கினார்கள். பட்டாளத்துக்குக் கொடுத்தால் வீட்டை நாசமாக்கிவிடுவார்கள், பள்ளிப் பிள்ளைகள் தேவலாம் என்று முன்கூட்டியே பார்த்துச் செய்த ஏற்பாடு அது. இந்தச் சமயத்தில் வீட்டையே அரசிடம் தள்ளிவிடலாம் என்ற பேச்சு இருந்தது. ஆண்ட்ரூ வேறு வழி எடுத்தார். பல்லாயிரம் ஏக்கர் நிலத்தை விற்றார். ஹோல்பைன் வரைந்த எட்டாம் ஹென்றி படம், மெம்லிங்கின் மூன்று மடிப்பு ஓவியம், குளோட் லொரேனின் சித்திர ஏடு என்று பொறுக்கியெடுத்த கலைப்பொருள்களை வரிக்குப் பதிலாக ஒப்படைத்தார், அவை இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கூடவே ஹார்ட்விக் ஹாலையும் கொடுத்தார். கணக்குத் தீர 17 வருடம் ஆனது.

1959இல் ஆண்ட்ரூவும் மனைவி டெபோராவும் சாட்ஸ்வர்த்துக்கே குடிவந்தார்கள். டெபோரா இல்லாவிட்டால் இந்த வீடு பிழைத்திருக்குமா என்பது சந்தேகம். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆட்களை உள்ளே விடுவது இங்கே புதிதில்லை, 1849இல் பக்கத்தில் ரயில் வந்த கோடையிலேயே 80,000 பேர் வந்திருக்கிறார்கள். ஆனால் அதை ஒரு தொழிலாக்கியவர் டெபோரா. பிள்ளைகளுக்கு ஆடுமாடு காட்டப் பண்ணைவெளி, எஸ்டேட் இறைச்சியும் பாலும் விற்க 1977இல் ஒரு கடை, உணவகம் என்று வளர்த்தார். டியூக் மனைவி முட்டை விற்கிறார் என்று கேலி செய்தவர்கள் பிறகு தங்கள் வீடுகளிலும் அதையே செய்தார்கள்.

1981இல் வந்ததுதான் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. சாட்ஸ்வர்த் ஹவுஸ் டிரஸ்ட் என்று ஓர் அறக்கட்டளையை அமைத்து, மாளிகையையும் தோட்டத்தையும் அதற்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். டிக்கெட் பணம் அறக்கட்டளைக்கு, பராமரிப்பும் அதன் பொறுப்பு. மூலதனத்துக்காகப் பிரெஞ்சு ஓவியர் பூசானின் ஓவியம் ஒன்றை விற்றார்கள், அது போதாமல் 1984இல் 71 பழைய சித்திரங்களை ஏலத்தில் விட, 2 கோடியே 10 லட்சம் பவுண்டு அளவுக்குக் கிடைத்தது. ஏலத்துக்கு முன் பிரிட்டிஷ் மியூசியம் ஐம்பது லட்சத்துக்குக் கேட்டுப் பார்த்திருந்தது. டியூக் குடும்பம் தாங்கள் வசிக்கிற பகுதிக்கு அறக்கட்டளையிடம் வாடகை கட்டுகிறது. தங்கள் முன்னோர் வீட்டுக்குத் தாங்களே வாடகை! விசித்திரமாக இருந்தாலும், நிலத்துக்கு உண்மையான சொந்தக்காரர் யாருமில்லாத அந்தப் பழைய பத்திரத்தின் புத்தியேதான் இது. வெளியே இருக்கிற நிலம் குடும்பத்தின் வேறு அறக்கட்டளைகளிடம் இருக்கிறது, டெர்பிஷயரில் மட்டும் 35,000 ஏக்கர் அளவு. எல்லாவற்றையும் இழந்துவிட்டார்கள் என்று யாராவது கண்ணீர் விட்டால் நம்ப வேண்டாம்.

நேரில் போகிற வாய்ப்புக் கிடைத்தால் சாட்ஸ்வர்த்தோடு ஹார்ட்விக்கையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டும் ஒரே மாவட்டத்தில் கார் தூரத்தில்தான். ஹார்ட்விக் இப்போது நேஷனல் டிரஸ்ட் கையில். 1895இல் தொடங்கிய இந்த அமைப்பு, 1937க்குப் பிறகு வரி கட்ட முடியாத குடும்பங்களின் மாளிகைகளை ஏற்றுப் பராமரிக்க ஆரம்பித்தது. அங்கே பெஸ் காலத்துத் திரைச்சீலைகள் மங்கிய வெளிச்சத்தில் பாதுகாக்கப்படுகின்றன, குடும்பம் யாரும் இல்லை. சாட்ஸ்வர்த்தில் பழைய ஓவியத்துக்குப் பக்கத்திலேயே இப்போதைய டியூக் வாங்கிய நவீன சிற்பம் நிற்கும். பூங்காவில் நடக்கக் கட்டணம் இல்லை, வீட்டுக்கும் தோட்டத்துக்கும்தான் டிக்கெட், கார் நிறுத்தக் காசு. நேரம் மிச்சமிருந்தால் ஈடன்சர் தேவாலயத்துக்கு நடந்து போங்கள். டியூக்குகளின் கல்லறைகள் மேட்டில் எளிமையாக இருக்கும். பாக்ஸ்டனின் சமாதி அதே வளாகத்தில், அவர்களுடையதைவிடப் பெரியது.